மகப்பேறு இறப்புத் தணிக்கையில் குடும்பத்தின் பங்கு

‘தர மேம்பாடு’ என்றதும் பளபளக்கும் தரையும் சுவரில் மாட்டிய சான்றிதழும் நினைவுக்கு வருகின்றன. மருத்துவத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. நேர்ந்த பிழையையும் தாமதத்தையும் மறைக்காமல் பதிவு செய்தல், காரணத்தை ஆராய்தல், அடுத்த நோயாளிக்கு அது நேராதவாறு நடைமுறையை மாற்றுதல், மாற்றம் நிலைத்ததா என மீண்டும் அளந்து பார்த்தல் ஆகியவற்றையே அது குறிக்கும். இவை யாவற்றுக்கும் நிர்வாகம் பொறுப்பேற்கும் ஏற்பாடே மருத்துவ ஆளுகை.

இதைக் கற்பதற்குத் தமிழ்நாட்டின் மகப்பேறு இறப்புத் தணிக்கையை விடச் சிறந்த பாடம் இல்லை என்பது எம் கருத்து. கருவுற்ற காலத்திலோ, அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, அந்நிலை தொடர்பான காரணத்தால் நிகழும் இறப்பே மகப்பேறு இறப்பு எனப்படும். அத்தகைய ஒவ்வோர் இறப்பையும் தனித்தனியே ஆராயும் முறை 1990களிலேயே இம்மாநிலத்தில் தொடங்கியது. நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2010இல் வெளியிட்டது.

ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைத் தேடுகின்றனர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று வீட்டார் முடிவெடுப்பதில் நேரும் தாமதம் முதலாவது. வந்து சேர்வதில் நேர்வது இரண்டாவது. வந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் நேர்வது மூன்றாவது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த ஒரு சிற்றூரில், பிரசவித்த தாய்க்கு நள்ளிரவில் இரத்தப்போக்கு மிகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசுக் கல்லூரியாக உள்ள சிதம்பரம் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு செல்லலாம். கடலூர் தலைமை மருத்துவமனையோ சிதம்பரத்திலிருந்து மேலும் ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவில் உள்ளது. எங்கே முதலில் சென்றனர், எத்தனை இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டனர், வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தனர்? மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பேடு வாயிலில் நுழைந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மணிநேரங்களை அறிந்தவர் குடும்பத்தார் மட்டுமே.

ஆதலால்தான் மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவரின் நெருங்கிய உறவினரையும் அழைக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ‘விசாரணை’ என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. “நாமே தாமதித்துவிட்டோமோ” என்ற குற்றவுணர்வும் சிலரைத் தடுக்கிறது. எவரையும் தண்டிப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. மருத்துவரைப் பற்றிய மனக்குறையையும் அங்கே தயங்காமல் கூறலாம்.

பலன் என்ன? மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த மகப்பேறு இறப்புகள் 2001–03இல் 134, 2018–20இல் 54. அதே 2018–20இல் இந்தியாவின் சராசரி 97. இந்தச் சரிவு முழுவதையும் தணிக்கையின் கணக்கில் வரவு வைப்பது நேர்மையாகாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பணிபுரியும் செவிலியர், இரத்த வங்கிகள், 108 ஊர்தி ஆகியவையும் சேர்ந்தே இதைச் சாதித்தன. ஆயினும், செவிலியரும் இரத்தமும் ஊர்தியும் எங்கே குறைகின்றன என்பதைக் காட்டவல்லது தணிக்கையே.

இறப்பு நேர்ந்த பின்தான் குடும்பத்தின் சொல்லுக்கு மதிப்பு என்று எண்ண வேண்டாம். வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது பரிந்துரைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். தாய் சேய் நல அட்டையை உடன் எடுத்து வாருங்கள். வீடு திரும்பிய பின்னரும் 42 நாட்கள் வரை மிகுந்த இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.