பியானோவும் ஒரு காதற் பாடலும்: ‘ஹே ராம்’ இசை குறித்து

திரைப்பட இசையை நாம் கேட்கிறோமேயன்றிப் பயில்வதில்லை. பாட்டின் மெட்டு நெஞ்சில் நிற்கின்றது; அதன் அடியிலே ஓடும் வாத்தியங்கள் செவிப்படாது போகின்றன. கேட்டுப் பழக விரும்பும் மாணவர்க்கு, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹே ராம்’ நல்லதொரு பாடமாகும்.

கமல்ஹாசன் இயக்கிய இப்படத்தின் முற்பகுதி 1946ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் நிகழ்கின்றது. தொல்பொருள் ஆய்வாளனாகிய சாகேத ராமன் வங்கப் பெண் அபர்ணாவை மணந்து வாழ்கின்றான். அவர்தம் காதலைக் கூறுவது ‘நீ பார்த்த பார்வை’ என்னும் பாடல். ஹரிஹரனும் ஆஷா போஸ்லேயும் பாடினர்.

இப்படத்திற்கு முதலில் இசையமைத்தவர் வயலின் மேதை எல். சுப்பிரமணியம். (இளமையில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் அவர் என்பதை நம்மவர் பலர் அறியார்.) பாடற் காட்சிகள் படமாக்கப்பட்ட பின்னர் அவர் விலகினார். அடுத்து வந்த இளையராஜா, எடுத்த காட்சிகளை மாற்றாமலே, நடிகரின் உதட்டசைவுக்கும் உடலசைவுக்கும் பொருந்தப் புதிய மெட்டுகளை அமைத்தார். நம் கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தளமும் ஆடுவோன் காலும் ஒருங்கே பிறக்கும். இங்கோ ஆட்டம் முன்னரே முடிந்துவிட்டது. தாளம் பின்னர் வந்து அதனுள் புகவேண்டும். கேட்போர்க்கு அவ்வருத்தம் சிறிதும் தெரியாதிருப்பதே வியப்பு.

இனிப் பியானோவைக் கவனிப்போம். இத்தாலிய நாட்டுக் கிறிஸ்டோபோரி 1700ஆம் ஆண்டளவில் ஆக்கிய கருவி இது. கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியைத் தட்டும்; பிறந்த ஒலி அக்கணமே தேயத் தொடங்கும். ஆர்மோனியம் போல் இழுத்து நிறுத்த இயலாது; வீணை போல் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்லவும் இயலாது. கமகமே உயிரென்பார்க்கு இது பெருங் குறை. ஆனால் இளையராஜா பியானோவைப் பாடச் சொல்லவில்லை. குழைவைக் குரலுக்கு விட்டு, பியானோவின் சுரக்கூட்டுகளை அதன் கீழே நிலமாக விரித்தார். ஒலி தேயும் இடத்தை வயலின்கள் ஏந்திக்கொள்கின்றன. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றதன் பயன் இது. பின்னணி இசைக்கென ஹங்கேரியின் புடாபெஸ்டு நகரத்து வாத்தியக் குழுவையே அவர் நாடினார்.

தேயும் ஒலி இக்கதைக்கு மிகப் பொருந்துகின்றது. பாடல் முடிந்து நெடுநேரம் செல்லுமுன், 1946 ஆகஸ்டு 16இல் கல்கத்தாவில் மூண்ட வகுப்புக் கலவரம் அவ்வீட்டினுள்ளும் நுழைகின்றது, அபர்ணா கொல்லப்படுகின்றாள். அயலவர் அயலவரை அஞ்சிய நாட்களைக் கண்ட நமது வாழைச்சேனைப் பகுதியினர்க்கு இக்காட்சி அந்நிய தேசத்துச் சரித்திரமன்று. யான் முதன்முறை பார்த்தபோது அதன் பின்னர் வந்த பகுதி எதுவும் மனத்திற் பதியவில்லை.

மாணவர் இப்பாடலை இருமுறை கேட்க. முதன்முறை குரலை மட்டும். மறுமுறை குரலை விடுத்து, பியானோ எங்கே ஓய்கின்றது, எவ்வாத்தியம் அவ்விடத்தை நிரப்புகின்றது என்று குறித்துக்கொள்க.