அப்பாவின் உணவுக் குறிப்பேடு

எங்கள் வீட்டுச் சமையலறையில், அரிசிப் பானைக்கு மேலே உள்ள அடுக்கில் நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதில் வரவு செலவுக் கணக்கு எதுவும் இல்லை. 'இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் கறி, தே தாரிக், முன் 7.2, பின் 14.1' என்பது போன்ற வரிகளே பக்கம் பக்கமாக உள்ளன. எல்லாம் அப்பாவின் கையெழுத்து.

என் பாட்டிக்கு நீரிழிவு நோய் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் அதனை 'இனிப்பு நீர்' என்பார்கள். காலில் ஏற்பட்ட சிறு காயம் ஆறாமல் புரையோடியதால், இறுதியில் அவருடைய இடக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தமக்கும் அதே நோய் என்று மருத்துவர் கூறியபோது, லோரி ஓட்டுநரான அப்பா முதலில் குனிந்து தம் கால்களைத்தான் பார்த்தார்.

அப்பா மட்டும் இந்நிலையில் இல்லை. 2023-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு மேற்கொண்ட தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வாழும் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். அவர்களுள் பலருக்குத் தமக்கு இந்நோய் இருப்பதே தெரியாது.

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, மீ, கிழங்கு ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்து, செரிமானத்தின்போது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் செல்ல, கணையம் சுரக்கும் இன்சுலின் தேவை. இரண்டாம் வகை நீரிழிவு நோயில், இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. காலப்போக்கில் சுரப்பும் குறைகிறது. இதனால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு தேங்கினால் கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவை பாதிப்படைகின்றன. கால் நரம்புகள் மரத்துப் போனால், முள் குத்தினாலும் தெரியாது. பாட்டிக்கு நேர்ந்ததும் அதுதான்.

நோய் பற்றிய செய்தி பரவியதும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆலோசனை வழங்கினர். "சோற்றைத் தொடாதே," என்றார் ஒருவர். "பாகற்காய்ச் சாறு போதும்," என்றார் இன்னொருவர். பெரியம்மா, உண்ணக் கூடாத உணவுகளின் நீண்ட பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பினார். அப்பா அனைத்தையும் ஒரே நாளில் கடைப்பிடிக்கத் தொடங்கினார். காலையில் பாகற்காய்ச் சாறு, நண்பகலில் வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை. மாத்திரைகளை மட்டும் தவறாமல் விழுங்கினார்.

பதினோராம் நாள், நெடுஞ்சாலையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கைகள் நடுங்கின, உடல் வியர்த்தது, பார்வை மங்கியது. நல்லவேளையாக வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டார். உடன் வந்த உதவியாளர் தம்மிடமிருந்த இனிப்புப் பானத்தைக் குடிக்கக் கொடுத்தார். சிறிது நேரத்தில் நடுக்கம் தணிந்தது. அன்றிரவு வீடு திரும்பிய அப்பா, அம்மாவிடம் கோபமாகச் சொன்னார்:

"இப்படிப் பட்டினி கிடந்து சாவதைவிடச் சாப்பிட்டுவிட்டே சாகிறேன்!"

மறுநாள் முதல் பழைய ரொட்டி சானாயும் மூன்று வேளை தே தாரிக்கும் திரும்ப வந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அப்பாவைச் சுகாதார மருந்தகத்தில் உள்ள உணவியல் நிபுணரிடம் அழைத்துச் சென்றார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் உடன் சென்றேன்.

அந்த அம்மையார் பட்டியல் எதையும் நீட்டவில்லை. "ஐயா, நீங்கள் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? எங்கே பசியாறுவீர்கள்? உங்களுக்கு மிகவும் பிடித்த உணவு எது?" என்று கேட்டு, அப்பா சொன்னவற்றை எழுதிக்கொண்டார். நெடுஞ்சாலையில் நடந்ததை அறிந்ததும் அவர் முகம் மாறியது.

"சில வகை மாத்திரைகளை உட்கொள்வோரும் இன்சுலின் போடுவோரும் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிடும், ஐயா. 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஆபத்து. அப்படி நடுக்கம் வந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். உணவைக் கைவிடுவது மருத்துவம் அன்று."

"அப்படியானால் நான் எதைத்தான் சாப்பிடுவது, அம்மா?"

"அதை நீங்களும் நானும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்."

அவர் முதலில் ஒரு தட்டின் படத்தைக் காட்டினார். நம் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு-சுக்கு-செபாரோ' முறை அது. தட்டின் கால் பகுதியில் சோறு அல்லது வேறு மாவுச்சத்து உணவு. கால் பகுதியில் மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரத உணவு. எஞ்சிய பாதியில் காய்கறிகளும் பழங்களும். "இது எல்லாருக்கும் பொதுவான தொடக்கம். இதற்குள் உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை உங்கள் உடல்தான் சொல்லும்," என்றார்.

உடல் சொல்வதைக் கேட்க ஒரு வழியையும் கற்றுக் கொடுத்தார். உண்பதற்கு முன்பும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கருவியில் அளந்து எழுத வேண்டும். சோதனைத் தாள்களின் விலை அதிகம் என்பதால், வாரத்தில் இரண்டு மூன்று வேளை உணவை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதித்தால் போதும் என்றார். உணவுக்கு முன் 4.4 முதல் 7.0 வரையிலும், இரண்டு மணி நேரத்திற்குப் பின் 8.5-ஐத் தாண்டாமலும் இருப்பது அப்பாவுக்கான இலக்கு. வயதையும் உடல்நிலையையும் பொறுத்து இந்த இலக்கு மாறுபடும்.

அன்று மாலையே அந்த நீலக் குறிப்பேடு வாங்கப்பட்டது.

அதில் எதிர்பாராத செய்திகள் பல பதிவாயின. ரொட்டி சானாய் சர்க்கரையை உயர்த்தியதில் வியப்பில்லை. ஆனால், உடலுக்கு நல்லது என்று அம்மா தேன் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்த உடனடி ஓட்ஸ் கஞ்சியும் அளவை 12.6-க்கு உயர்த்தியது. இரண்டு தோசை, நிறைய காய்கறி போட்ட சாம்பார், அவித்த முட்டை ஆகியவற்றை உண்ட நாளில் அது 8.3 என்றே இருந்தது. முதலில் காய்கறியையும் மீனையும் உண்டு, இறுதியில் சோற்றை உண்டபோது, அதே அளவு சோற்றுக்கும் எண் குறைந்தது. இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடந்த நாள்களில் இன்னும் குறைந்தது.

அப்பாவின் உதவியாளருக்கும் இந்நோய் உண்டு. அவருக்கோ அந்த ஓட்ஸ் கஞ்சி ஒத்துக்கொண்டது; தோசைதான் ஆகவில்லை! இது வியப்புக்குரியதன்று. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழிவு நோய் இல்லாத 800 பேரின் சர்க்கரை அளவை ஆய்வாளர்கள் ஒரு வாரம் தொடர்ந்து கண்காணித்தனர். ஒரே உணவை உண்டபோதும் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. உடல் எடை, உடலுழைப்பு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் எனப் பல காரணங்கள் இதில் பங்கு வகிக்கின்றன.

மாற்றங்கள் ஒரே நாளில் வரவில்லை. தே தாரிக்கை விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் 'குறாங் மானிஸ்' என்று சொல்லி இனிப்பைக் குறைத்தார். பிறகு மூன்று குவளை ஒரு குவளையாயிற்று. இப்போது ஒட்டுக்கடைக்காரர் அவரைக் கண்டதுமே 'தே ஓ கோசோங்' கலக்கத் தொடங்கிவிடுகிறார். புரட்டாசி மாதத்தில் சைவ உணவு என்ற பெயரில் சோறும் உருளைக்கிழங்கும் மிகுந்துவிட்டதைக் குறிப்பேடு காட்டியது. உடனே அம்மா தெம்பே, தவ்ஃபூ, பயறு ஆகியவற்றைக் கூட்டினார். தீபாவளியன்று அப்பா ஓர் அதிரசம் உண்டார். அன்று சோற்றைக் குறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்பாவுக்கெனத் தனிச் சமையல் இல்லை. அனைவரின் தட்டும் மாறிவிட்டது.

ஆறு மாதங்களுக்குப் பின், கடந்த ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில், 9.4 விழுக்காடாக இருந்த அளவு 7.0-ஆகக் குறைந்திருந்தது. குறிப்பேட்டைப் பார்த்த மருத்துவர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். "அளவு குறைந்துவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது," என்றும் எச்சரித்தார். நோய் முற்றிலும் நீங்கிவிடவில்லை, அடங்கியிருக்கிறது. ஆகவே, அப்பா இன்றும் உறங்கச் செல்லும் முன் தம் பாதங்களை விளக்கொளியில் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு மாமா வந்திருந்தார். அவருக்கும் இனிப்பு நீர் என்று புதிதாகத் தெரியவந்துள்ளது.

"உங்கள் குறிப்பேட்டைக் கொஞ்சம் கொடுங்கள், அண்ணே. நகலெடுத்துக்கொண்டு அதன்படியே சாப்பிடுகிறேன்," என்றார்.

அப்பா சிரித்தார். என்னை அழைத்து, என் மேசையிலிருந்து எழுதப்படாத குறிப்பேடு ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார்.

"என்னுடையது என் உடம்புக்கு எழுதியது, தம்பி. முதலில் மருந்தகத்தில் போய்ப் பாருங்கள். பிறகு இதில் உங்களுடையதை எழுதத் தொடங்குங்கள்," என்று அதை அவர் கையில் கொடுத்தார்.