தடம் புரண்ட வண்டியும் பளுதூக்கியும்

சரக்கு வண்டியொன்று தடம் புரண்டதெனச் செய்தித்தாளிற் படிக்குங்கால், பாதை எப்பொழுது திறக்கப்படும் என்பதே நம் மனத்தில் முதலில் எழும் வினா. ஆங்கு உழைப்போரை நாம் நினைப்பது அரிது. அவர்தம் தொழின் முறையையும், அதன்கண் அமைந்த இயற்பியல் விதியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இத்தொழிற்குரிய கருவி, தண்டவாளத்தின் மீதே ஓடிச்செல்லும் பளுதூக்கியாகும். 'கிரேன்' என்பது வழக்கு. நீராவியால் இயங்கிய இவ்யந்திரங்கள் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துப் பே சிட்டியிலும், இங்கிலாந்தில் கார்லைல், இப்ஸ்விச் நகரங்களிலும் செய்யப்பட்டன. 250 டன் தூக்கவல்லனவும் அமெரிக்கப் பாதைகளில் ஓடின. நம் நாட்டில் 1862-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஜமால்பூர்த் தொழிற்சாலை, பிற்காலத்தில் 140 டன் டீசல் கிரேன்களைச் செய்தது.

250 டன் என்றமையால், எத்துணைத் தூரத்திலும் அவ்வளவு தூக்குமெனக் கொள்ளலாகாது. நெம்புகோல் விதியை நினைவு கூர்வோம். பளுவை, கவிழும் விளிம்பிலிருந்து அது தொங்கும் தூரத்தாற் பெருக்கினால் கவிழ்க்கும் திறன் கிடைக்கும். 18 அடித் தூரத்தில் 100 டன் தாங்கும் கிரேன் ஒன்று உளதெனக் கொள்வோம், பெருக்கத்தொகை 1,800. கையை 36 அடிக்கு நீட்டினால் 50 டன்னே தாங்கும். நீண்ட கையின் சொந்தப் பளுவும் கவிழ்க்கும் பக்கமே சேர்தலின், உண்மையில் அதனினும் குறையும். இதனை மறந்தால், எடுக்க வந்த யந்திரமே சாயும். அருகில் நிற்போர் உயிரும் போம்.

ஆதலின் வேலை ஒழுங்காக நடைபெறும். முதலில் இருபுறமும் வண்டிகள் வாராமல் தடுப்பர். மேலே மின்கம்பியிருப்பின் மின்சாரத்தை நிறுத்துவர். பின்பு கிரேனின் பக்கத்தாங்கிகளை நீட்டி, அவற்றின் கீழ் மரக்கட்டைகளை அடுக்குவர். இதனால் கவிழும் விளிம்பு வெளியே தள்ளிச் செல்ல, தாங்குந்திறன் மிகும். இயன்றவிடத்து வண்டியின் ஒரு முனையை மட்டும் தூக்குவர். மறுமுனை நிலத்திற் படிந்திருத்தலின், பளுவில் ஏறத்தாழப் பாதியே கிரேன்மேல் விழும். சில அங்குலம் தூக்கியதும் நிறுத்திக் கம்பிவடங்களையும் தாங்கிகளையும் நோக்குவர். தூக்குதற்கும் இறக்குதற்கும் ஒருவரே சைகை காட்டுவர். ஆயின் 'நிறுத்து' என்னும் சைகையை யார் காட்டினும் யந்திரம் நிற்றல் வேண்டும். மிக எளியவனும் அபாயத்தை முதலிற் காணக்கூடுமன்றோ!

இக்காலத்து அமெரிக்காவில், பக்கவாட்டுக் கை பொருத்திய டிராக்டர்கள் இவ்வேலையைப் பெரும்பாலும் மேற்கொண்டன. கருவி மாறினும் விதி மாறவில்லை. இனி வண்டி தாமதித்து நிலையத்திற் காத்திருக்க நேரின், அச்சில அங்குலத்தில் நிறுத்தி நோக்கும் பொறுமையை நினைத்து நாமும் பொறுத்திருப்போமாக.