பெட்டிக்குள் ஆள் இல்லாத சதுரங்கப் பொறி

வியன்னாவில் 1770இல் கெம்பெலன் காட்டிய சதுரங்கப் பொம்மையின் பெட்டிக்குள் ஆள் ஒளிந்திருந்தார். நாம் செய்யப்போவது அதை அல்ல. ஸ்பெயினின் டோரஸ் கெவேடோ 1912இல் அமைத்த பொறி, வெள்ளை அரசனையும் கோட்டையையும் கொண்டு, மனிதர் நகர்த்தும் கறுப்பு அரசனைத் தானாகவே மடக்கியது. 1920இல் வந்த இரண்டாம் பொறியில் பலகைக்கு அடியிலிருந்த காந்தம் காய்களை இழுத்தது. வீட்டில் செய்ய அதுவே தோது.

முதலில் காய்கள். மூன்றே போதும். மாத்தளை மாவட்டத்தில் ஹபுவித கிராமத்து அரக்கு வேலை இருக்க, பிளாஸ்டிக் காய் எதற்கு? கடைசலில் சுழலும் மரத்தில் அரக்கை அழுத்த, உரசும் சூட்டில் அது இளகிப் படியும். அடியில் குழி மட்டும் விட்டுக் கடையச் சொல்லுங்கள். நியோடிமியம் காந்தத்தை அரக்கு ஆறிய பிறகே ஒட்டுங்கள். சாதாரண வகை 80 பாகை செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும். மூன்றிலும் ஒரே முனை கீழ்நோக்கட்டும்.

பலகைக்கு 4 மி.மீ. பிளைவூட், கட்டத்துக்கு 50 மி.மீ. அடிப்பக்கம் காடி வெட்டி, காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் சுவிட்சைக் கட்டத்துக்கு ஒன்றாகப் பதியுங்கள். நேர் நடுவில் வேண்டாம், சற்றுத் தள்ளி வையுங்கள். காந்தம் சரியாக மேலே நின்றால் சுவிட்ச் மூடாமல் போகலாம். கம்பியை மடிக்கும்போது குறட்டால் பிடிக்காவிட்டால் கண்ணாடிக் குழாய் உடையும். 64 சுவிட்சுக்கும் ஒவ்வொரு டயோடு சேர்த்து எட்டுக்கு எட்டாகக் கோர்த்தால், ஆர்டுயினோ மெகா கட்டுப்பாட்டுப் பலகைக்கு 16 கம்பிதான் போகும்.

கீழே இரண்டு ஸ்டெப்பர் மோட்டர்கள் வார்களால் ஒரு வண்டியை இழுக்கும். அதிலுள்ள காந்தத்தைச் சிறு சேர்வோ மோட்டர் உயர்த்தும், இறக்கும். வண்டியை மூலைக்கு ஒதுக்கிய பிறகே சுவிட்சுகளைப் படிக்க வேண்டும்.

இன்றைய சதுரங்க மென்பொருளை ஏற்றாதீர்கள். டோரஸின் விதிகளையே எழுதுங்கள். வெள்ளைக் காய்கள் மேல் வரிசைகளில், கறுப்பு அரசன் கீழே. கறுப்பு அரசன் கோட்டை இருக்கும் ஓரத்து மூன்று நிரல்களுக்குள் வந்தால், கோட்டை எதிர் ஓரத்துக்கு ஓடும். இல்லையென்றால், இரண்டுக்கும் இடையே ஒரு வரிசைக்கு மேல் இடைவெளி இருக்கும்போது கோட்டை ஒரு வரிசை இறங்கும். அரசர்கள் தூரமாக இருந்தால் வெள்ளை அரசன் இறங்குவான். வெற்றிக்கு 50 நகர்த்தல்களுக்கு மேல் ஆகலாம்; ஆகட்டும். தவறான நகர்த்தலுக்கு ஒரு விளக்கு எரியட்டும். மூன்றாம் முறை பொறி ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

பெட்டியின் பக்கங்களுக்குக் கண்ணாடி போடுங்கள். உள்ளே வார் ஓடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.