மாதிரி இராக்கெட்டும் அதன் எடையும்

இரும்பாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிக்கு இராக்கெட்டின் வரலாற்றோடு ஒரு தொடர்பு உண்டென்பதை நம்மிற் பலர் அறியார். 1780ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை அவ்வூர் வழியே தெற்கு நோக்கி வந்து, கொற்றலையாற்று வெள்ளத்தால் தடையுண்டு நின்றது. ஆற்றைக் கடந்த அப்படையைச் செப்டம்பர் 6ஆம் நாள், இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பேரம்பாக்கத்தருகே திப்பு எதிர்த்தார். 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் அது முற்றும் முறியடிக்கப்பட்டது. மைசூர்ப் படையினர் கையாண்ட படைக்கலங்களுள் இரும்புக் குழாயாலாய வாணமும் ஒன்று. மாதிரி இராக்கெட்டுச் செய்யப் புகும் மாணவர்க்கு அவ்வாணமே முதற்பாடமாகும்.

அக்காலத்து ஐரோப்பிய வாணங்கள் பெரும்பாலும் காகிதக் குழாயால் ஆனவை. காகிதத்தினும் இரும்பு கனமானது. அங்ஙனமாயின் மைசூரார் அதனை விரும்பியது என்னையெனின், இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். மருந்தையும் அதனுள் நெருக்கி அடைக்கலாம். ஆகவே ஏறிய எடையினும் பெற்ற வேகம் பெரிதாயிற்று. இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அவ்வாணங்களுள் ஒன்றன் குழாய் 198 மில்லிமீட்டர் நீளமே உடையது. அதனோடு தோல்வாரால் பிணித்த மூங்கிலோ 1.9 மீட்டர் நீளமுடையது. அம்மூங்கிலும் வீண்சுமை அன்று. வாணம் நெறி பிறழாது செல்ல அது துணை நின்றது. எனவே தொழில் செய்யும் எடை வேறு, சும்மா ஏறியிருக்கும் எடை வேறு என்பது தெளிவு.

இனி நம் மாதிரி இராக்கெட்டை நோக்குவோம். மூங்கிலின் தொழிலை இதில் வாற்சிறகுகள் செய்கின்றன. பால்சா மரம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.16 கிராம் எடையுள்ளது, ஒட்டுப்பலகையோ 0.6 கிராம் அளவினது. ஒரே அளவான சிறகு, மரம் மாறியதால் மட்டும் ஏறத்தாழ நான்கு மடங்கு கனக்கும். பசையும் இத்தகையதே. நீர் கலந்த மரப்பசை உலர்கையில் நீரை இழந்து எடை குறையும். எப்பாக்சிப் பசையோ இட்ட எடை முழுதுமாக இறுகி நிற்கும்.

வாற்புறத்தில் ஏறும் எடை இருமுறை வரி வாங்குவது. இராக்கெட்டு நேரே செல்வதற்கு அதன் ஈர்ப்பு மையம், காற்றின் அழுத்த மையத்திற்கு முன்னே, குழாயின் விட்டத்தளவேனும் தள்ளி நிற்றல் வேண்டும். ஈர்ப்பு மையத்திற்கு 20 சென்டிமீட்டர் பின்னே 3 கிராம் பசை மிகுமாயின், 30 சென்டிமீட்டர் முன்னேயுள்ள முனையில் 2 கிராம் சேர்த்தாலன்றி அம்மையம் பழைய இடத்தில் நில்லாது. மிகுந்த பசை மூன்று கிராம். ஏறிய சுமையோ ஐந்து கிராம்.

வண்ணப்பூச்சும் அற்பமன்று. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருட் கலத்திற்கு 1981இல் நிகழ்ந்த முதலிரு பயணங்களிலும் வெண்ணிறம் பூசினர். 1982இல் மூன்றாம் பயணம் முதல் அதனை விடுத்தனர். ஏறக்குறைய 270 கிலோகிராம் எடை குறைந்தது. ஆயினும் பூச்சு முழுதும் வேண்டாவென்று கொள்ளற்க. மேற்பரப்பு வழவழப்பாயின் காற்றின் தடை குறையும். மரத்தின் நுண்துளைகளை அடைத்துத் தேய்த்தபின் மெல்லிதாக ஓரிருமுறை பூசுதல் போதும். அதற்கு மேற்பட்ட பூச்சு அழகிற்கன்றிப் பறத்தற்கு உதவாது.

இனி, எடை குறையக் குறைய இராக்கெட்டு உயரே செல்லும் என்பதும் முழு உண்மையன்று. ஒரே விசையோடு எறிந்த பஞ்சுருண்டை அருகே விழ, சிறுகல் தொலைவு செல்கின்றது. மிக இலேசான இராக்கெட்டும் உந்துவிசை ஓய்ந்தவுடன் காற்றால் தடையுண்டு விரைவில் வேகம் இழக்கும். ஒவ்வோர் உந்துபொறிக்கும் ஏற்றதோர் எடை உண்டு. மிக்க எடையோ உயரத்தை மட்டும் கெடுப்பதன்று. ஆளுக்கே கேடு விளைப்பது. உந்துவிசை எடையைப்போல் ஐந்து மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது வழங்கும் விதி. அது குறைந்தால் இராக்கெட்டு ஏவுகம்பியை விட்டு மெல்ல நீங்கிச் சாய்ந்து, பார்த்து நிற்போர்மேலும் பாயக்கூடும்.

ஆதலின் குழாய் வெட்டியபின் ஒருமுறையும், சிறகு ஒட்டியபின் ஒருமுறையும், வண்ணம் உலர்ந்தபின் ஒருமுறையும் தராசில் இட்டு நிறுத்துக் குறித்து வைப்போமாக. ஒவ்வொரு கிராமையும், "நீ செய்யும் தொழில் யாது?" என்று வினவுவோமாக. விடை தாராத கிராமை நீக்குதலே இக்கலையின் பெரும்பகுதி.