தீபாவளியன்று ஐஸ்லாந்து

தம்பி தங்கைகளே, ஹாம் ரேடியோ என்றதும் "அது தாத்தா காலத்துச் சாமான்" என்று சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன். பரீட்சை எழுதி, 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்தபிறகு தூக்கம் போனதுதான் மிச்சம்.

அக்டோபர் கடைசி வார இறுதியில் 'சீக்யூ வேர்ல்ட் வைட்' என்ற குரல்வழிப் போட்டி நடக்கும். 48 மணி நேரம். நமக்குச் சனி காலை 8 மணிக்குத் தொடங்கி, திங்கள் காலை 8 மணிக்கு முடியும். ஒவ்வொருவரிடமும் பேசுவது இரண்டே விஷயம்: சிக்னல் எப்படி இருக்கிறது, நீ எந்த மண்டலம். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 28. ஆகவே நான் கத்துவது "ஃபைவ் நைன், டூ எய்ட்". அவ்வளவுதான்!

கணக்கைக் கவனியுங்கள். வேறு கண்டத்து நிலையத்துக்கு 3 புள்ளி. ஜப்பான் நம் கண்டம், எனவே 1 புள்ளிதான். மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு அலைவரிசையிலும் பிடித்த மண்டலங்களும் நாடுகளும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 220 புள்ளியும் 50 பெருக்கியும் இருந்தால் 11,000. அதனால் நூறு ஜப்பான்காரரைவிட, புதிய நாடு ஒன்று சில நேரம் பெரிது.

2019-இல் போட்டியின் ஞாயிறு, 27 அக்டோபர், தீபாவளி. சூரியனும் அந்த வருஷம் மந்தம். சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்த காலம். சூரியன் சோர்ந்தால் மேல்வளிமண்டலத்தின் அயனிப் படலமும் சோர்ந்துவிடும், 10 மீட்டர் அலை திரும்பி வராமல் விண்வெளிக்கே போய்விடும். ஆகவே 20 மீட்டரை நம்பினேன். அதற்கு அரை அலை நீளம், அதாவது சுமார் 10 மீட்டர் கம்பி போதும். மாடி விளிம்பிலிருந்து வாசல் ரம்புத்தான் மரம் வரை கட்டினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி துணி காயப் போடவா என்று கேட்டார்.

சனி இரவு 'டிஎஃப்' என்று ஒரு குரல். ஐஸ்லாந்து! மண்டலம் 40. எனக்கு நாடும் புதுசு, மண்டலமும் புதுசு. என் குறியை அவர் பிடித்துவிட்டார். அவருடைய கடைசி எழுத்தைத்தான் இரைச்சல் விழுங்கிவிட்டது. டெல்டாவா, பிராவோவா? "மறுபடி சொல்லுங்க" என்றேன். குரல் தேய்ந்து போயிற்று.

குறிப்பேட்டில் 'டெல்டா' என்று தட்டினேன். கை நின்றது. அழித்தேன். தப்பாக எழுதினால் அந்தத் தொடர்பு போவதோடு, அதன் புள்ளியைப்போல இரண்டு மடங்கும் கழிப்பார்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆறு புள்ளிக்குப் பயந்து அழிக்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா கதவைத் தட்டினார். "டேய், எண்ணெய் தேய்ச்சுக்க வா! வெள்ளைக்காரன் எங்கேயும் ஓடமாட்டான்." ஹெட்போனைக் கழற்றினேன். வீடு நிறைய விருந்தாளிகள். மறுபடி உட்கார இரவு பத்தாகிவிட்டது.

திங்களன்று நண்பன், "பெயர்ப் பட்டியலில் தேடிப் பார், டிஎஃப் எத்தனை பேர் இருக்கப் போறாங்க?" என்றான். போட்டி முடிந்தபின் பட்டியலைப் பார்த்துத் திருத்துவது விதிப்படி கூடாது. யாருக்குத் தெரியும் என்றான். எனக்குத் தெரியுமே என்றேன். அவன் இரண்டு நாள் பேசவில்லை.

ஐந்து நாளுக்குள் குறிப்பேட்டை அனுப்ப வேண்டும். மூன்றாம் நாளே அனுப்பினேன், ஐஸ்லாந்து இல்லாமல். அந்தக் கம்பி இன்னும் ரம்புத்தான் மரத்தில்தான் தொங்குகிறது.