மின்னைத் தடுத்து வெப்பத்தை விடுத்தல்

எம்மூராகிய திருவாலங்காட்டை வரலாறு கற்பார் முதலாம் இராசேந்திர சோழனுடைய செப்பேடுகளால் அறிவர். 31 ஏடுகளாகிய அச்சாசனம் இன்றுங் கற்கப்படுவது செம்பின் உறுதியாலன்றோ? அச்செம்பிற்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது மின்னையும் வெப்பத்தையும் ஒருங்கே கடத்தும், அலுமினியமும் அன்னதே. ஒன்றை நன்கு கடத்தும் உலோகம் மற்றதையும் நன்கு கடத்தும் என்பதை வீடெமன், பிரான்சு என்னும் ஜெர்மானியர் இருவர் 1853-இல் காட்டினர். உலோகத்துள் தடையின்றித் திரியும் எலெக்ட்ரான்களே இரண்டையும் சுமப்பதே இதன் காரணமாம். இவ்வொற்றுமை ஆம்பிளிபையர் கட்டுவார்க்கு இடராவது எங்ஙனம் என்பதை, யாம் பட்டறிந்தவாறே ஈண்டுக் கூறுவாம்.

சென்ற விடுமுறையில், ஊர்ச் சிறுவர் பேச்சுப் போட்டியின்பொருட்டுச் சென்னை ரிச்சி தெருவில் உறுப்புகள் வாங்கி, டி.டி.ஏ. 2030 என்னும் ஐ.சி. கொண்டு ஓர் ஆம்பிளிபையர் அமைத்தோம். ஐ.சி. தான் பெறும் மின்னாற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கும். அவ்வெப்பம் அகலுமாறு, அதன் முதுகிலுள்ள உலோக நாக்கை ஹீட்சிங்க் எனப்படும் அலுமினியத் தகட்டோடு திருகாணியால் இறுக்கினோம். தகட்டை இரும்புப் பெட்டியிற் பொருத்தினோம். மின்விசையைத் திறந்தவுடன் ஃபியூஸ் போயிற்று.

காரணம் யாதெனின், அந்நாக்கு ஐ.சி.யினுள்ளே எதிர்மின் முனையோடு இணைந்துள்ளது. எம் பெட்டியோ சுழிய வோல்ட்டோடு இணைந்தது. ஆகவே எதிர்மின் 15 வோல்ட், தகட்டின் வழியே பெட்டியை அடைந்து குறுக்குச்சுற்று ஆயிற்று.

பின்னர் இடையே மைக்கா வைத்தோம். தமிழர் காக்காய்ப்பொன் என்றும் அப்பிரகம் என்றும் வழங்குவது இதுவே. எம்மூர்க்கு வடக்கே, ஆந்திர நாட்டுக் கூடூர்ப் பகுதிச் சுரங்கங்களில் நெடுங்காலம் எடுக்கப்பெற்றது. மெல்லிய இதழ்களாகப் பிளக்க வல்லது, மின்னைக் கடத்தாதது. ஆயினும் ஃபியூஸ் மீண்டும் போயிற்று. ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டுமாறு ஒருவர் கூறினார். பொழுது சாய்ந்தமையால் எம்முட் சிலர் அதற்கு இசைந்தும் விட்டனர். அங்ஙனம் செய்திருப்பின் குறை அப்படியே நிற்க, டிரான்ஸ்பார்மர் எரிந்திருக்கும்.

நல்வினையாக, மல்டிமீட்டரின் ஒரு முனையை நாக்கிலும் மற்றதைத் தகட்டிலும் வைத்துப் பார்த்தோம். அது ஒலித்தது. மைக்கா தடுத்த மின்னைத் திருகாணி கடத்திற்று! தோளுடைய நைலான் புஷ் ஒன்றைத் திருகாணிக்கு அணிவித்தபின் ஒலி நின்றது.

நிற்க. மின்னைத் தடுத்தது வெப்பத்தையும் தடுக்காதோ எனின், ஓரளவு தடுக்கும். மைக்காவின் வெப்பங் கடத்துந் திறன் அலுமினியத்தினதில் முந்நூற்றில் ஒரு பங்கே. ஆனால் 0.05 மில்லிமீட்டர் கனமே உள்ளதாயின், 20 வாட் வெப்பம் செல்லுங்கால் இருபுறத்தும் உண்டாகும் வேறுபாடு ஏறக்குறைய 11 பாகை என்பது எம் கணக்கு. அதே கனத்தில் முற்றும் காற்றே நிற்குமாயின் வேறுபாடு 250 பாகையாகும். ஆதலின் மைக்காவின் இருமுகத்தும் வெப்பப் பசையை மெல்லெனப் பூசிக் காற்றை நீக்கல் வேண்டும். பசையை மிகுதியாக அப்புவதும் பிழையே. அது வெறும் இடைவெளியை நிரப்பற்குரியது.

துளையின் விளிம்பிலுள்ள பிசிறுகள் மைக்காவைக் கிழிக்குமாதலின், அவற்றை முன்னரே தேய்த்து நீக்குக. சிலிக்கோன் ரப்பர் அட்டைகளுக்குப் பெரும்பாலும் பசை வேண்டுவதில்லை. எல்.எம். 3886 டி.எஃப். போன்ற சில ஐ.சி.க்கள் முதுகும் பிளாஸ்டிக்கால் மூடப்பட்டே வருகின்றன. அவற்றிற்கு மைக்கா வேண்டா, பசை மட்டும் வேண்டும். நாக்கு எம்முனையோடு இணைந்தது என்பதை ஒவ்வோர் ஐ.சி.க்கும் அதன் விவரத்தாளில் நோக்குக. யாவும் முடிந்தபின், மின்விசையைத் திறவாமுன் மல்டிமீட்டரால் சோதிக்க.

மறுநாட் போட்டியில் மெல்லிய குரலுடைய சிறுமி ஒருத்தி பேசினாள். பின்வரிசையிலிருந்த அவள் பாட்டியார்க்கும் அச்சொற்கள் கேட்டன. ஃபியூஸ் இருமுறை போய்ச் சொன்னதை மூன்றாம் முறையேனும் யாம் கேட்டமையால் விளைந்த பயன் அதுவே.